கயிறும் சுக்கானும்

அத்தியாயம் 11

மூதூர் லாஞ்ச் காலை பத்தரைக்குத் திருகோணமலைத் துறையடிக்கு வந்து சேரும். அந்த வெள்ளிக்கிழமை அதில் யார் வருகிறார் என்பது உப்புவெளி வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

தெரியாத ஆள் யேசுரட்ணம். முப்பது வருசம் அதே லாஞ்சில் சுக்கான் பிடித்து ஓய்வு பெற்றவர். விறாந்தையில் சாக்கை விரித்து, பக்கத்து வளவுக்காரர் கொண்டுவந்த தண்ணீர்ப் பம்பைக் கழற்றி, ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசையிலேயே அடுக்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே அவருடைய மனைவி மாகிரட் தட்டச்சு மெசினுக்குப் புதிய நாடா மாட்டிக்கொண்டிருந்தாள். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருபத்திரண்டு வருசம் தட்டச்சாளராக இருந்தவள். போன கிழமை கணவருக்குச் சொல்லாமல் கட்டைபறிச்சானுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். வாழ்க்கையில் அவள் நகல் எடுக்காமல் அனுப்பிய ஒரே கடிதம் அதுதான். நகல் இருந்தால் அவர் கண்ணில் பட்டுவிடும்.

காரணம் மகள் கிறேஸ். கொழும்பில் சட்ட முதுமாணிப் படிப்பில் இரண்டாம் வருசம், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் எடுத்த துறை ஆயுதப் போர்ச் சட்டமும் மனித உரிமைகளும்.

கோயிலில் பெண்கள் கேட்பார்கள், சண்டைக்கும் ஒரு சட்டமோ, சண்டை எண்டாலே சட்டம் இல்லாததுதானே என்று. மாகிரட்டிடம் அதற்கு ஒரு மறுமொழி தயாராக இருந்தது. மகளுடைய கட்டுரைகள் எல்லாவற்றையும் அவள்தான் தட்டச்சு செய்தாள். சட்டம் அவளுக்கு விரல் வழியாக மண்டைக்குள் ஏறியிருந்தது.

அறுபத்து நாலாம் ஆண்டுச் சூறாவளியை நினைத்துப் பாருங்கோ என்று தொடங்குவாள். அந்தக் கிழமை கச்சேரியில் எத்தனை விதிகளை நிறுத்திவைத்துச் சுற்றறிக்கை அடித்தாள். பூட்டை உடைத்து அரிசி எடுக்கலாம். பிறத்தியார் வள்ளத்தைக் கேளாமல் கொண்டுபோகலாம். ஆனால் அப்போதும் நிறுத்தாத விதிகள் சில இருந்தன. செத்தவரின் உடம்பில் கைவைக்கக் கூடாது. தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கூடாது. மனித உரிமை எல்லா நாளுக்குமானது. போர்ச் சட்டம் கூரை பறந்த நாளிலும் பறக்காமல் நிற்பது. இதைச் சொல்லி முடிக்கும்போது மாகிரட்டின் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

கிறேஸின் ஆராய்ச்சித் தலைப்பு, போர்க்கடலில் எதிரியைக் காப்பாற்றிய சாதாரண மனிதர்கள் பற்றியது. அதற்கு விதை வீட்டிலேயே கிடைத்தது. 1942 ஏப்ரலில் யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட காலையில், மூதூரிலிருந்து விறகு ஏற்றி வந்த ஒரு மோட்டார் வள்ளம், கடலில் விழுந்து கிடந்த யப்பான் விமானி ஒருவனைத் தூக்கியது. சுக்கானில் யேசுரட்ணம். முன்பக்கத்தில் முனாப் என்ற வாலிபர். யேசுரட்ணம் எப்போதும் இதை முனாப்பின் கதையாகத்தான் சொல்வார். முனாப் கண்டார், முனாப் கயிறு எறிந்தார், முனாப் இழுத்தார்.

பேராசிரியர் தலைப்பைப் பாராட்டிவிட்டு, சிவப்பு மையில் இரண்டு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். ஒன்று, இது துறைமுக வாயிலுக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் துறைமுகத்தின் மீட்புப் படகுகள் செய்ய வேண்டிய வேலை. வெளியே என்றால்தான் இவர்கள் யாரும் ஏவாமல் தாங்களாகச் செய்தது. மற்றது, வள்ளத்தைத் திருப்பும் முடிவை எடுத்தது யார்? இரண்டுக்கும் சத்தியக் கடதாசி வேண்டும். நாளை சனிக்கிழமை பத்து மணிக்கு, தலைப்புகளை முடிவுசெய்யும் சபை கூடுகிறது. இன்று ஏழு மணி ரயிலில் கிறேஸ் கடதாசியோடு ஏற வேண்டும். இல்லாவிட்டால் தலைப்பு விழுந்துவிடும், ஒரு வருச உழைப்பும் அதோடு போகும்.

போன கிழமை அவள் அப்பாவிடம் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வசனம். "நான் முன்னுக்குப் பாத்துச் சுக்கான் பிடிச்சனான், வேற ஒண்டும் தெரியாது." அதோடு எழுந்து போய்விட்டார். அதன் பிறகுதான் மாகிரட் கட்டைபறிச்சானில் இருந்த முனாப்புக்கு எழுதினாள்.

பதினொன்றேகாலுக்குப் படலை திறந்தது. வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் குடை, கையில் ஒரு சீலைப் பை. வந்தவர் விறாந்தைக்கு முன்னால் நின்று, சாக்கில் வரிசையாகக் கிடந்த திருகாணிகளைப் பார்த்தார்.

"யேசு, நீ இன்னும் எஞ்சின்ட வயித்தத்தான் கிண்டிக்கிட்டு இரிக்கிற."

யேசுரட்ணம் எழும்பினார். கை முழுக்க எண்ணெய். துணியில் துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார். கை கொடுக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. முனாப் எண்ணெயைப் பொருட்படுத்தாமல் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"வா, முனாப்," என்றார் யேசுரட்ணம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி மாகிரட்டைப் பார்த்தார். முப்பத்தொரு வருசத் தாம்பத்தியத்தில் அவள் அறிந்த பார்வை அது. இந்த வேலையைப் பார்த்தது நீதானே என்ற பார்வை. அவள் தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

தேநீர் முடிந்ததும் கிறேஸ் கடல் வரைபடத்தை மேசையில் விரித்தாள். மூலைகள் சுருளாமல் ஒரு பக்கம் வேதாகமம், மறுபக்கம் தட்டச்சு நாடாவின் தகர டப்பி. அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முனாப் தன் மறுமொழிக் கடிதத்தில், மூதூரிலிருந்து வெளிக்கிட்டு ஒரு மணி நேரத்தில் விமானியைக் கண்டதாக எழுதியிருந்தார். லாஞ்ச் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடும் என்று துறையடியில் விசாரித்து, அந்த அளவுக்குக் கோடு இழுத்துப் புள்ளி வைத்திருந்தாள்.

முனாப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "புள்ள, இது ஒஸ்டன்பேர்க் மலையெல்லா. நாங்க அந்தாள மலைக்கு மேலயா வெச்சுத் தூக்கின?"

யேசுரட்ணம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். வர மாட்டேன் என்ற நிற்பு. ஆனால் பிழையாகப் பூட்டிய எஞ்சினைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற மனிதர் அல்ல அவர். இரண்டு நிமிடம் பொறுத்தார். பிறகு வந்து மகளின் கையிலிருந்து அடிமட்டத்தை வாங்கினார்.

"லாஞ்சின்ர வேகத்தை விறகு வள்ளத்துக்குப் போட்டால் மலையிலதான் ஏறும். மணிக்கூட்டாலே கடலில இடம் பிடிக்க ஏலாது."

கடலில் இடத்துக்கு வேலி இல்லை, மைல் கல் இல்லை. ஆகவே கடற்காரர்கள் கரையைப் பார்த்து இடம் பிடிப்பார்கள். கரையில் நகராத இரண்டு பொருள்கள், ஒன்று முன்னால், ஒன்று அதற்குப் பின்னால். இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்து ஒரே நேரில் நின்றால், அந்த இரண்டையும் சேர்த்து இழுக்கிற கோட்டின் மேல்தான் வள்ளம் நிற்கிறது. ஒரு கையளவு விலகினாலும் பின்னால் உள்ளது எட்டிப் பார்த்துவிடும். ஆனால் ஒரு கோடு போதாது. கோட்டின் மேல் எங்கே என்று அது சொல்லாது. வேறு திசையில் இன்னொரு கோடு வேண்டும். இரண்டும் வெட்டுகிற இடம்தான் இடம்.

யேசுரட்ணத்திடம் ஒரு கோடு இருந்தது. அன்று காலை கயிறு எறிந்த நேரம் அவருக்கு நேர் முன்னால் ஒஸ்டன்பேர்க் மேட்டின் கொடிமரம். அதற்குச் சரியாகப் பின்னால், சீனக்குடாவில் எரிந்துகொண்டிருந்த எண்ணெய்த் தாங்கியின் புகை. புகையின் தலை காற்றில் ஆடினாலும் அதன் அடி ஆடாது. எரிந்த தாங்கியின் இடம் இன்றைக்கும் தெரியும். அவர் அடிமட்டத்தை வைத்து, இரண்டையும் தொட்டு, கொட்டியாரக் குடாவின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

"இதில எங்கயோ," என்றார். "எங்க எண்டு எனக்குத் தெரியாது. நான் முன்னுக்குத்தான் பாத்தனான்."

"நான் பக்கத்தால பாத்த," என்றார் முனாப். "கயிறு எறியிற நேரம் பவுல் பொயின்ற் வெளிச்சவீடு. அதுக்கு நேர முன்னால ஒரு பாறைத்திட்டு. ரெண்டும் ஒண்டா நிண்டிச்சி."

கிறேஸ் அந்தக் கோட்டை இழுத்தாள். பென்சில் அப்பாவின் கோட்டை நெருங்கியபோது மாகிரட் மேசைக்கு மேல் குனிந்தாள். கோடுகள் வெட்டிய இடம் துறைமுக வாயிலுக்கு வெகு வெளியே, கொட்டியாரக் குடாவின் நடு ஆழத்தில்.

ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் அது வெறும் கோடு. முப்பத்தேழு வருசமாக இடத்தின் பாதி உப்புவெளியிலும் மற்றப் பாதி கட்டைபறிச்சானிலும் கிடந்திருக்கிறது. மாகிரட் அதை நினைத்தபடி மெசினில் கடதாசியைச் செருகினாள்.

முதலில் முனாப்பின் கடதாசி. அவர் இஸ்லாமியர் என்பதால் அது உறுதிமொழி என்று தொடங்கும். கிறிஸ்தவருக்குச் சத்தியம் என்று தொடங்கும். இந்த வித்தியாசம் மாகிரட்டின் விரல்களுக்கே தெரியும். முனாப் சொல்லச் சொல்ல அடித்தாள். கயிறு எறிந்தது, அந்த ஆள் இடது கையால் பிடித்தது, வலது தோள் உடைந்திருந்தது, துறையடியில் கடற்படையினரிடம் ஒப்படைத்தது.

"வள்ளத்தைத் திருப்பினது ஆர் மாமா?" என்று கேட்டாள் கிறேஸ்.

முனாப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அத நான் சொல்லப்படா மகள். அத அவர்தான் சொல்லணும்."

யேசுரட்ணம் விறாந்தைக்குப் போய்ச் சாக்கில் குந்தினார். சுவர் மணிக்கூட்டில் இரண்டு மணி. மாகிரட் பின்னால் போனாள். அவர் ஒரு திருகாணியை எடுத்து, பார்த்து, அதே இடத்தில் வைத்தார். பிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னார்.

விமானியைத் தூக்கிய அன்று பின்னேரம் வள்ளத்துச் சொந்தக்காரனான ஒப்பந்தக்காரன் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தான். விறகு நனைந்து கிடக்க எதிரியைத் தூக்கினது எவன் என்று கேட்டான். முனாப் உடனே, நான்தான் கயிறு எறிந்தேன் என்றார். யேசுரட்ணம் வாய் திறக்கவில்லை. நீ என்ன செய்தாய் என்று அவரைக் கேட்டபோது, நான் முன்னுக்குப் பாத்துச் சுக்கான் பிடிச்சனான் என்றார். முனாப்பை அந்த நிமிசமே வேலையால் நிறுத்தினான். எதிரிக்குக் கை கொடுத்தவன் என்ற பேரும் ஊரில் அவருக்குத்தான் வந்தது. யேசுரட்ணத்துக்கு வேலை மிஞ்சியது.

"முப்பது வருசம் மூதூருக்கு ஓடினனான் மாகிரட். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இறங்கிக் கட்டைபறிச்சானுக்கு நடந்திருக்கலாம். எஞ்சினைப் பாக்கவேணும் எண்டு சொல்லி வள்ளத்திலயே இருந்திட்டன்."

மாகிரட்டுக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. போர்க்காலம், வயசு இருபத்திரண்டு, வீட்டில் ஐந்து வாய். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கேட்பது அதை அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

"பேப்பர் மெசினிலதான் இருக்கு," என்றாள். "நான் கழட்டேல்லை."

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். முனாப் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கிறேஸ் எழுந்து அப்பாவிடம் போக வெளிக்கிட்டபோது மாகிரட் கண்ணால் மறித்தாள். இரண்டேகால் ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. பிறகு கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கழுவினார்.

வந்து மேசைக்கு முன்னால் நின்றபடியே சொன்னார். அவள் அடித்தாள்.

கத்துகிற சத்தம் கேட்டதாம். அது எதிரியின் விமானத்தில் இருந்து விழுந்தவன் என்று அவருக்குத் தெரியுமாம். தெரிந்துதான் சுக்கானைத் திருப்பினாராம். யாரும் சொல்லவில்லை, முனாப்பும் சொல்லவில்லை. வள்ளம் திரும்பிய பிறகுதான் முனாப் கயிற்றை எடுத்தார். பிறகு கடைசியாக ஒரு வசனம்: முனாப் வேலை இழந்தது, நான் இதைச் சொல்லாமல் இருந்ததால்.

"அப்பா, அந்தக் கடைசி வசனம் ஆராய்ச்சிக்குத் தேவையில்லை," என்றாள் கிறேஸ் மெதுவாக.

"எனக்குத் தேவை."

மாகிரட் அந்த வசனத்தை அடித்து முற்றுப்புள்ளி வைத்தாள். கச்சேரியில் எத்தனையோ பெரிய மனிதரின் கடிதங்களை அடித்திருக்கிறாள். பிழை தேடாமல் ஒன்றைத் திரும்ப வாசித்தது இதுதான் முதல் தடவை. தான் யாரோடு வாழ்கிறோம் என்று ஒரு பெண்ணுக்கு முப்பத்தொரு வருசத்துக்குப் பிறகு புதிதாகத் தெரியவந்தால், ஒரு தரம் வாசித்தால் போதாது.

முனாப் தொண்டையைச் செருமினார். "கயிறு எட்டுறத்துக்கு வள்ளம் திரும்பணும் மச்சான். அது எனக்கு அண்டைக்கே தெரியும். ரெண்டு பேரும் வேலையால போனா உன்ட தங்கச்சிமாருக்கு ஆரு சோறு போடுற? எனக்கு வயலாவது இரிந்திச்சி. நான் யோசிச்சுத்தான் சொன்ன. நீ வந்து ஒரு நாள் தேத்தண்ணி குடிப்பாய் எண்டு நெனச்சன், அதத்தான் காணல்ல."

யேசுரட்ணம் கதிரையில் இருந்தார். கிறேஸ்தான் பேசினாள். தண்ணீரில் தத்தளிப்பவனை, அவன் எந்தக் கொடியின் கீழ் வந்திருந்தாலும் தூக்க வேண்டும் என்று நாற்பத்தொன்பதாம் ஆண்டு ஜெனீவாவில் விரிவாக எழுதினார்கள். ஆனால் அந்த எண்ணம் அப்போது பிறந்தது அல்ல. காயப்பட்ட எதிரிப் படையாளையும் பராமரிக்க வேண்டும் என்று 1907லேயே கடற்போருக்கான ஒப்பந்தத்தில் இருந்தது.

"அண்டைக்கும் அதுதான் சட்டம், அப்பா."

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"ஓம். ஒருத்தரும் சொல்லாமல் நீங்கள் அதைச் செய்திருக்கிறியள். அதுதான் என்ர முழு ஆராய்ச்சியும்."

முனாப் சீலைப் பையைத் திறந்தார். உள்ளே, பழைய சாரத்துண்டில் சுற்றிய ஒரு பிஸ்கட் டின் மூடி. வள்ளத்தில் தண்ணீர் குடிக்க வைத்திருந்ததாம். அந்த ஆள் மூன்று முறை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கயிறு பின்னுகிற ஊசியைக் காட்டிக் கேட்டு வாங்கி, மூடியின் உட்புறத்தில் இடது கையால் எதையோ கீறினானாம். மூன்று எழுத்து. துரு ஏறியும் அழியவில்லை.

கிறேஸின் முகம் மாறியதை மாகிரட் பார்த்தாள். மகள் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது. அந்தப் பகுதியை அடித்தது அவள்தானே. ஜெனீவா ஒப்பந்தங்கள் நான்கு. மாகிரட் அவற்றை அலுமாரியின் நாலு லாச்சிகளாக நினைவில் வைத்திருந்தாள். முதலாவது, தரையில் காயப்பட்ட படையினர். இரண்டாவது, கடலில் காயப்பட்டவரும் தத்தளிப்பவரும். மூன்றாவது, சிறைப்பட்டவர். நான்காவது, ஆயுதம் தொடாத சனங்கள். கடலில் கிடந்தவனை எதிர்ப் படையிடம் ஒப்படைத்தவுடன் அவன் மூன்றாவது லாச்சிக்குப் போய்விடுவான். அங்கே ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. பிடிபட்டவனின் பெயரை ஒரு அட்டையில் எழுதி ஜெனீவாவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அந்த அட்டைகளைப் பெயர் வரிசையில் அடுக்கி வைத்திருப்பார்கள், இலட்சக் கணக்கில்.

"ஆராவது இந்த எழுத்தை வாசிச்சுச் சொன்னால்," என்றாள் கிறேஸ், "இவருக்கு ஒரு அட்டை இருக்குதோ எண்டு எழுதிக் கேட்கலாம். வீட்ட போய்ச் சேர்ந்தவரோ எண்டு."

யேசுரட்ணம் மூடியைக் கையில் வாங்கவில்லை. அது மேசையில் கிடக்க, எட்ட இருந்தே பார்த்தார்.

மாகிரட் ஒரு வெள்ளைத் தாளை மூடிக்குள் பரப்பி, அதன் மேல் காபன் தாளை மை கீழே இருக்க வைத்து, தேக்கரண்டியின் முதுகால் தேய்த்தாள். மேடான இடத்தில் மை ஒட்டும், கீறல் உள்ள பள்ளத்தில் ஒட்டாது. நீலத்துக்குள் மூன்று எழுத்துகள் வெள்ளையாக எழும்பின. நகல் வீட்டில் இருக்க, மூலம் கிறேஸின் பெட்டிக்குள் போனது. இந்த முறை நகல் எடுக்கும் விதியை அவள் மீறவில்லை.

நாலு மணிக்கு, சத்தியக் கடதாசிக்கு முத்திரை வைக்கிற சமாதான நீதவான் குலசிங்கம் மாஸ்டர் வீட்டுக்கு எல்லோரும் போனார்கள். மாஸ்டர் காணி வழக்கு என்று நினைத்துப் பேனையைத் திறந்தவர், இரண்டு கடதாசியையும் இரண்டு தரம் வாசித்தார். கையொப்பமும் முத்திரையும் வைத்துவிட்டு எழும்பி நின்று இருவருக்கும் கை கொடுத்தார். வழக்கமாக அவர் கதிரையை விட்டு எழும்புகிறவர் இல்லை. முனாப் கடைசி லாஞ்சுக்குப் போனார். ஏற முதல் யேசுரட்ணத்திடம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வா, என்ட பொஞ்சாதி மைமூனா சோறு சமைப்பா என்றார். வாறன் என்றார் இவர். அதை மாகிரட்டும் கேட்டாள், சாட்சிக்கு.

ஏழு மணி ரயில் ஏழு பத்துக்கு வெளிக்கிட்டது. ஜன்னலருகே கிறேஸ், மடியில் பெட்டி, பெட்டிக்குள் இரண்டு கடதாசியும் ஒரு மூடியும். இதைவிடப் பெரிய சீதனத்தோடு எந்தப் பெண்ணும் இந்த ஸ்டேசனில் ரயில் ஏறியிருக்க மாட்டாள் என்று மாகிரட் நினைத்தாள். வெளியில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நகலை எடுத்து விளக்கின் கீழ் வைத்தாள். கோப்பில் போட வேண்டும். ஆனால் தெரியாத பாசை. எது மேல், எது கீழ் என்றே விளங்கவில்லை. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். முனாப்பிடம் கேட்க மறந்துவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

யேசுரட்ணம் பின்னால் வந்து நின்றார். கையை நீட்டித் தாளை வாங்கி, அரை வட்டம் சுற்றி, மேசையில் நேராக வைத்தார்.

"இதுதான் மேல் பக்கம்."

மாகிரட் நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தேழு வருசம் முன்னுக்கு மட்டும் பார்த்ததாகச் சொன்ன மனிதர்.

"அவன் எழுதி முடிய, வாசி எண்டு என்னட்டத்தான் நீட்டினவன்," என்றார். "நான் சுக்கானை விட்டிட்டு அவன்ர பக்கம் திரும்பி இருந்தனான்."